விலக்கிவிட ஆளில்லாத வயல்: ‘நாகம்மாள்’ நாவலும் நம் கிராமத் திருப்பணியும்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பணிபுரியும் ஆயர்களிடம் வந்து சேரும் பிணக்குகள் பல, திருடராலோ அயலாராலோ விளைந்தவை அல்ல. வரப்பு, வண்டித்தடம், கிணற்றில் நீரிறைக்கும் முறை, வேலியோரத்து மரம், பாகம் பிரியாத தோட்டம் ஆகியவற்றைப் பற்றியே உடன்பிறந்தாரும் பங்காளிகளும் மோதிக்கொள்கின்றனர். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்றவுடன் நம் நினைவு பூட்டுக்கும் காவல் நிலையத்துக்கும் செல்கிறது. ஆயினும் கிராமத்தில் ஆபத்து பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே பிறக்கிறது. இவ்வுண்மையை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கலையாக்கிக் காட்டியவர் ஆர். சண்முகசுந்தரம். அவருடைய ‘நாகம்மாள்’ நாவலை இறையியல் மாணவரும் அருட்பணியாளரும் படிக்க வேண்டிய நூலாகக் கருதி, அதனை இங்கு ஆராய முற்படுகிறோம்.

1. கதையும் களமும்

சண்முகசுந்தரம் 1917இல் பிறந்து 1977இல் மறைந்தவர். தாராபுரத்தை அடுத்த கீரனூரைச் சேர்ந்தவர். 1942இல் வெளிவந்த ‘நாகம்மாள்’ தமிழின் முதல் வட்டார நாவல் எனத் திறனாய்வாளர் பலரால் போற்றப்படுவது. கொங்கு மக்களின் பேச்சு மொழியை நகைப்புக்கென்றோ புதுமைக்கென்றோ இன்றி, அவர்களுடைய வாழ்வின் இயல்பான மூச்சாகவே அது கையாள்கிறது.

கதை மிகச் சிறியது. நாகம்மாள் கணவனை இழந்தவள். பெண்குழந்தை ஒன்றுக்குத் தாய். கொழுந்தன் சின்னப்பனும் அவன் மனைவி ராமாயியும் வாழும் கூட்டுக்குடும்பத்திலேயே அவளும் வாழ்கிறாள். சின்னப்பன் கொடியவன் அல்லன், உழைப்பாளி, சாந்தமானவன். ராமாயியும் நல்லவளே. ஊரில் சண்டைக்காரனாகத் திரியும் கெட்டியப்பனுடன் நாகம்மாளுக்கு நெருக்கம் உண்டு. சின்னப்பனையும் ராமாயியையும் தன் ஊரோடு வந்துவிடும்படி மாமியார் அழைக்கவே, நிலம் கைமாறிவிடுமோ என்ற ஐயம் நாகம்மாளுக்குள் நுழைகிறது. தன் கணவனுக்குரிய பங்கைப் பிரித்துத் தரும்படி அவள் கேட்கிறாள். அக்குடும்பத்தின்மேல் பழம்பகை கொண்ட மணியக்காரன் இக்கோரிக்கையை ஊதி வளர்க்கிறான். முடிவில் கெட்டியப்பனின் அடிபட்டுச் சின்னப்பன் வயற்காட்டில் உயிர் துறக்கிறான். அங்கேயே நாவலும் நின்றுவிடுகிறது.

2. யேசபேல் என்னும் எளிய விடை

இக்கதையைப் பிரசங்கத்துக்கு எடுப்பவர்க்கு ஓர் எளிய வழி முன்னே நிற்கிறது. நிலத்துக்காக நல்லவன் ஒருவன் கொலையுண்டான். ஆகவே சின்னப்பன் நாபோத், நாகம்மாள் யேசபேல் என்று கூறிவிடலாம். அவள் விதவை, பிற ஆடவனோடு பழகுபவள், வாய்த்துடுக்கு உடையவள் என்பன அவ்விளக்கத்துக்குத் துணையாகவும் வந்து நிற்கும். கேட்போரும் தலையசைப்பர். ஆனால் அவ்விளக்கம் நாவலுக்கும் நியாயம் செய்யாது. திருமறைக்கும் நியாயம் செய்யாது.

ஆகாபுக்கு அரண்மனை இருந்தது, நாடு இருந்தது. எல்லாம் உடையவன் ஒன்றே உடையவனிடமிருந்து அதையும் பறித்தான் என்பதே 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரம் சுமத்தும் குற்றம். நாகம்மாளுக்கோ தனதென்று சொல்ல ஒரு சாண் நிலமும் இல்லை. கணவன் உழுத மண்ணில், மற்றொருவரின் நல்லெண்ணத்தை நம்பி அவள் உண்கிறாள். அந்நல்லெண்ணம் நாளை வேற்றூர் சென்றுவிடுமாயின் அவளும் அவள் மகளும் எங்கே நிற்பது? இவ்வினாவைக் கேட்பதற்கு ஒருத்தி பேராசைக்காரியாக இருக்க வேண்டியதில்லை. தாயாக இருந்தால் போதும்.

ஆசிரியரின் சிறப்பு இங்கேதான் உள்ளது. நாகம்மாளை அவர் புனிதவதியாக்கவில்லை, பழிக்கவும் இல்லை. கெட்டியப்பனுடன் அவளுக்குள்ள உறவை ஊரார் அறிந்த செய்தியாகக் கூறி, தீர்ப்பு எதுவும் வழங்காமல் அப்பால் செல்கிறார். ஒருத்தியின் ஒழுக்கத்தைக் காட்டி அவள் உரிமையைத் தள்ளிவிடும் வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. நம் திருச்சபைக் கூட்டங்களில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு எத்துணை முறை இருந்திருக்கிறது என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

3. சட்டம் நின்ற இடம்

நாவல் வெளிவந்த காலத்துச் சட்ட நிலையை அறிந்தால் அதன் துயரம் இன்னும் ஆழமாகப் புலப்படும். அந்நாளைய இந்துச் சட்டப்படி, பாகம் பிரியாமல் இறந்த ஒருவனுடைய பங்கு, அவனுக்கு ஆண் சந்ததி இல்லையெனில், உடன்பிறந்தானையே சென்று சேரும். விதவைக்குக் கிடைப்பது ஜீவனாம்சம் மட்டுமே. 1937இல் இயற்றப்பட்ட இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவனின் பங்கில் விதவைக்கு ஆயுட்கால உரிமை அளித்தது. எனினும் மாகாணங்களின் வேளாண் நிலத்துக்கு அச்சட்டம் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிவிட்டது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் வேளாண் நிலத்துக்கும் விரிவாக்கப்பட்டது 1947இல்தான்.

அஃதாவது, வீடும் நகையும் உள்ள நகரத்து விதவைக்கு ஓரளவு உதவிய சட்டம், மண்ணையன்றி வேறு சொத்தறியாத கொங்கு நாட்டு உழவர் வீட்டு விதவைக்குக் கைகொடுக்கவில்லை. ‘நாகம்மாள்’ வெளிவந்தது இவ்விடைவெளியின் நடுவே. பின்னர் 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் விதவையின் ஆயுட்கால உரிமையை முழு உரிமையாக்கியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இலும் இந்தியா முழுமைக்கும் 2005இலும் வந்தது.

செலொப்பியாத்தின் குமாரத்திகள் ஐவரும் தகப்பனுடைய பெயரில் நிலம் கேட்டு மோசேயின் முன் நின்றதை எண்ணாகமம் 27ஆம் அதிகாரம் கூறுகிறது. மோசே அவர்களை அடக்கி அனுப்பவில்லை. அவர்கள் வழக்கைக் கர்த்தருடைய சந்நிதியில் வைத்தான். அவர்கள் கேட்டது சரியே என்று கர்த்தர் உரைத்தார். அதன்மேல் பிரமாணமும் பிறந்தது. அவ்வைவருக்கு இருந்ததும் நாகம்மாளுக்கு இல்லாததும் ஒன்றே: கேட்டதைக் கேட்கும் ஓர் அவை.

4. காவலனே பகைவன் ஆனபோது

அவள் வழக்கை எடுத்துக்கொண்டோர் யார் என்று பார்ப்போம். மணியக்காரன் ஊருக்குத் தலைவன், வரி தண்டுபவன், ஊரின் அமைதிக்குப் பொறுப்பானவன். உயிரையும் உடைமையையும் காக்க அரசு வைத்த ஆள் அவனே. அவனோ தன் பகையைத் தீர்த்துக்கொள்ள இவ்விதவையின் கோரிக்கையைக் கருவியாக்குகிறான். கெட்டியப்பனுக்கு நியாயத்தைவிடக் கைத்தடியில் நம்பிக்கை அதிகம். உண்மையான ஒரு கோரிக்கை பொய்யான வழக்கறிஞர்களின் கையில் சிக்குகிறது. இந்நாவலின் மையம் இதுவே என்பது நம் துணிபு.

ஆதலின் கொலைக்குக் காரணம் நாகம்மாளின் ஆசை என்பது பாதி உண்மையும் ஆகாது. நல்லோர் அவள் சொல்லைச் செவிமடுக்கவில்லை, தீயோர் செவிமடுத்தனர். சின்னப்பன் நல்லவனாயிருந்தும், பங்கு என்ற சொல்லைக் குடும்ப ஒற்றுமைக்கு எதிரான பேச்சாகவே கொள்கிறான். கிராமத்து அமைதி எனப்படுவது பல வேளைகளில், கேட்க வேண்டியவர் கேளாதிருப்பதால் நிலவும் மௌனமே. அம்மௌனம் உடையும் நாளில் எவருக்கும் காப்பில்லை, நல்லவனுக்கும் இல்லை.

2 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தில் தெக்கோவா ஊர்ப் பெண்ணொருத்தி விதவைக் கோலத்தில் தாவீதின் முன் வந்து ஒரு வழக்குரைக்கிறாள். தன் குமாரர் இருவர் வயலில் சண்டையிட்டனர் என்றும், விலக்கிவிட அங்கு எவரும் இல்லாமையால் ஒருவன் மாண்டான் என்றும் அவள் கூறுகிறாள். அது யோவாப் கற்பித்த கதையே எனினும், கிராமத்தை அறிந்த உள்ளமே அதைச் சொல்லியிருக்க முடியும். காயீன் ஆபேலைக் கொன்றதும் வயல்வெளியில்தான். சின்னப்பன் விழுந்த வயலிலும் அடித்தவன் இருந்தான், தூண்டியவன் ஊரில் இருந்தான், விலக்கிவிட ஆளில்லை.

5. நாவலின் குறைகள்

இத்துணைச் சிறப்புடைய நாவலில் குறைகளும் உள. முடிவு மிக விரைந்து வருகிறது. கொலையுண்டவனின் மனைவியும், அக்கொலைக்குக் காரணமாயினாள் என ஊர் தூற்றப்போகும் ஓரகத்தியும் ஒரே கூரையின்கீழ் மறுநாள் எவ்வாறு விழித்திருப்பர்? பங்கு கேட்ட வாய், பிணத்தைக் கண்டபோது என்ன சொல்லிற்று? ஆசிரியர் கதவைச் சாத்திவிடுகிறார். கலை அடக்கம் என்று இதைப் பாராட்டுவோர் உண்டு. நமக்கோ, நாகம்மாளின் உள்ளத்துக்குள் நுழைய வேண்டிய வேளையில் ஆசிரியர் வாயிலிலேயே நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது.

மற்றொரு குறை நம்மைப் பெரிதும் உறுத்துவது. நிலம் உடையோரின் பிணக்கே இந்நாவல் முழுவதும். அந்நிலத்தில் கூலிக்கு உழைத்து, பங்கு என்ற சொல்லையே உச்சரிக்க இயலாதிருந்த சேரி மக்கள் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். கோவை வட்டாரத்தில் 1830 முதல் இலண்டன் மிஷன் ஆற்றிய பணியின் கனிகளாக விளங்கும் நம் கிராமச் சபைகள் பலவற்றில் அம்மக்களே உறுப்பினர். அவர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பு என்பது பங்காளிச் சண்டைக்கும் அப்பாற்பட்ட வினா. ஆர். சண்முகசுந்தரத்தை ஆராய்ந்து நூல் எழுதிய பெருமாள்முருகன், 2000இல் வெளியிட்ட ‘கூளமாதாரி’ நாவலில் ஆடு மேய்க்கும் சிறுவர்களை நடுவில் நிறுத்தி, அவ்விடத்தை ஓரளவு நிரப்பினார். இவ்விரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவரே கொங்குக் கிராமத்தை முழுமையாகக் காண்பர்.

6. நம் பணி

லூக்கா 12ஆம் அதிகாரத்தில், பாகம் பிரித்துத் தரும்படி தன் சகோதரனுக்குச் சொல்லவேண்டுமென்று ஒருவன் ஆண்டவரை வேண்டுகிறான். பங்கிடுகிறவராகத் தம்மை ஏற்படுத்தியவன் யார் என அவர் கேட்கிறார். இப்பகுதியைக் கொண்டு, சொத்து வழக்குகளில் திருச்சபை தலையிடலாகாது என நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆயினும் அதனைத் தொடரும் உவமையைக் கவனிக்க. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டி, எல்லாவற்றையும் தனக்கே சேர்த்தவனே அங்குக் கண்டிக்கப்படுகிறான். பொருளாசையைக் குறித்த எச்சரிக்கை கேட்பவனுக்கு மட்டும் உரியதன்று. கையில் வைத்திருப்பவனுக்கும் உரியது. நம் பிரசங்கங்களோ கேட்பவரையே, அதிலும் கேட்கும் பெண்ணையே நோக்கி எய்யப்படுகின்றன.

கிறிஸ்தவராகிய நமக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் எழுதாது இறந்தவனுக்குப் பிள்ளைகள் இருப்பின், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், எஞ்சியது ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேர வேண்டும் என அது விதிக்கிறது. நாகம்மாளுக்கு மறுக்கப்பட்டது நம் சபை விதவைகளுக்கு ஏட்டில் நெடுங்காலமாகவே உண்டு. அது அவர்கள் கைக்கு வந்துள்ளதா? ‘உரிமை விட்டேன்’ என்று சகோதரிகள் கையெழுத்திடும் வேளையில், அது மனமுவந்து இட்டதா, பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சத்தில் இட்டதா என்று வினவிய ஆயர் எத்தனை பேர்?

இறையியல் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. அடக்க ஆராதனை முடிந்தவுடன் ஆயரின் கடமை முடிவதில்லை. அவ்வீட்டில் எஞ்சிய பெண்ணிடம், அவள் வாயைத் திறக்குமுன், அவளுக்குரியது என்ன என்பதைப் பெரியோர் முன்னிலையில் பேச வைப்பது திருப்பணியே. நாம் பேசாத இடத்தில் மணியக்காரன் பேசுவான். பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அவன் செய்த வேலையைச் செய்வோர் எவ்வூரிலும் உளர். கைத்தடியோடு காத்திருப்போரும் உளர்.

சின்னப்பனைக் காத்திருக்கக் கூடியது வேலியும் அன்று, காவலும் அன்று. நாகம்மாளின் சொல்லைக் கேட்க ஒரு நல்ல மனிதர் அவ்வூரில் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். விதவைக்கு நியாயம் செய்வதும் அவள் கொழுந்தனுடைய உயிரைக் காப்பதும் ஒரே பணி. அப்பணிக்குரிய ஆளாக, வயலில் தடி ஓங்குமுன், திண்ணையில் சென்று அமர்வோமாக.