இரும்புக்கை மாயாவியின் தமிழ்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் நாளிதழையும் வார இதழையும் விரிவாகப் பேசினர். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய சித்திரக்கதை இதழைப் பொருட்படுத்தினாரல்லர். பாடநூலுக்கு வெளியே சிறுவர் பலர் தாமே விரும்பிப் படித்த முதல் தமிழ் அதுவே. திண்டுக்கல்லில் என் இளமையும் அவ்வாறே கழிந்தது. ஆதலின் அவ்விதழ்களின் மொழியை ஈண்டு ஆராய்தல் தகும்.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் நிறுவிய முத்து காமிக்ஸ், முல்லை தங்கராசனை ஆசிரியராகக் கொண்டு 1972 சனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் வெளிவந்தது. மூலக்கதை 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ இதழில் தோன்றியது. ஆங்கிலத் தலைப்பு எஃகு நகத்தை மட்டுமே சுட்டும். தமிழ்த் தலைப்போ அதனை உடையவனைச் சுட்டுகின்றது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் புலனாகும் ஒருவனுக்கு இதனினும் பொருந்திய பெயர் அரிது. மாயாவி என்பது இராமகாதையில் வாலியொடு பொருத அசுரன் பெயர். இக்கதைத் தலைவனும் முதலில் தீநெறிச் சென்று பின்னர்த் திருந்தியவனே. பெயரிட்டவர் இத்துணையும் எண்ணினரோ என ஐயுறலாம். எண்ணாது அமைந்ததாயினும் பொருத்தம் குன்றாது.

சௌந்திரபாண்டியனின் மகன் விசயன், இருபது வயது நிரம்பாத இளைஞராக 1984இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். திகில், மினி லயன், ஜூனியர் லயன் எனக் கிளைகள் பல பின்னர் எழுந்தன. பிரித்தானியக் கதைகளோடு இத்தாலியின் டெக்ஸ் வில்லரும் பெல்சியத்தின் லக்கி லூக்கும் தமிழ் பேசினர்.

பேச்சுக்குமிழ் ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வரையப்பட்டது. தமிழ்ச்சொல்லோ உருபும் விகுதியும் ஏற்று நீள்வது. எனவே பெயர்ப்போர் எழுவாயை ஒழித்தனர். வினைமுற்றையும் தொக்கி நிற்க விட்டனர். இலக்கணம் தொகை எனக் கூறும் சுருக்கத்தை இடநெருக்கடி இங்குக் கற்பித்தது. வியப்புக்குறிகளை அளவின்றிப் பெய்தது மட்டும் குறையே. பக்கந்தோறும் கூவினால் எது கூவல், எது பேச்சு என்பது விளங்காது.

2012 சனவரியில் நூறு ரூபாய் விலையில் சிறப்பிதழ் வந்தது. பின்னர்த் தாளும் வண்ணமும் உயர்ந்தன; சந்தாவும் புத்தகக் கண்காட்சியும் விற்பனைக்களம் ஆயின. அன்றைய சிறுவர் வளர்ந்து இன்று நிறைந்த விலை தந்து வாங்குகின்றனர். பதிப்பாளர் நிலைத்ததற்கு இது காரணமாகலாம்; எனினும் சில்லறைக் காசுடன் கடை வாயிலில் நின்ற சிறுவனுக்கு அவ்விதழ் எட்டாப் பொருளாயிற்று.