பேக்கன் கொழுப்பில் குக்கீ

பேக்கன் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி) வறுத்த சட்டியில் மிஞ்சும் கொழுப்பை டப்பாவில் வடித்துவைத்துக் குக்கீ சுடுவது அமெரிக்க வீடுகளின் பழைய வழக்கம். 1943 மார்ச்சில் அங்கே வெண்ணெய்க்கு ரேஷன் வந்ததால், இதைப் பஞ்சகாலத்து ஒப்பேற்றல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெண்ணெயில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தண்ணீர்; வடித்த கொழுப்பில் அநேகமாக இல்லை. தண்ணீர் குறைந்தால் மாவு இழுவை பிடிக்காது, குக்கீ கடித்ததும் பொரபொரவென்று உதிரும். நம் நெய் பிஸ்கட் உதிர்வதும் இதே கணக்கில்தான்.

கறி வாடை அடிக்காதா என்பார்கள். அப்படியே போட்டால் அடிக்கத்தான் செய்யும். கொழுப்பைத் தண்ணீரோடு கொதிக்கவைத்து ஆறவிட்டால் உப்பு நீரில் கரைந்து இறங்கும், கருகல் அடியில் தங்கும், கொழுப்பு மேலே வெள்ளைக் கட்டியாக உறையும். கட்டியை எடுத்து, அதன் அடிப்பக்கத்துக் கசடையும் சுரண்டிவிட வேண்டும். பிறகும் ஒட்டியிருக்கும் புகைமணம் இஞ்சி, கிராம்பு, மொலாசஸ் சேர்ந்த குக்கீக்கு அழகாகப் பொருந்தும். வெனிலா குக்கீக்கு ஒத்துவராது. அதை வெண்ணெய்க்கே விட்டுவிடலாம். உடம்புக்கு ஆகாது என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிறைவுற்ற கொழுப்பு வெண்ணெயில்தான் அதிகம். அதற்காக இது பத்தியச் சாப்பாடும் அல்ல. சிக்கு வாடை வந்த கொழுப்பை மட்டும் எந்த மசாலாவும் காப்பாற்றாது, யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.