வக்கீலும் சாட்சியும்

காரி டாப்ஸ் என்ற அமெரிக்கர் 2007-ல் வெளியிட்ட 'குட் கலோரீஸ், பாட் கலோரீஸ்' என்ற நூலை நாவல் படிக்கிற ஆவலுடன்தான் படித்தேன். உடல் பருப்பதற்குக் காரணம் கொழுப்பல்ல, மாவுச்சத்தும் சர்க்கரையும் தூண்டிவிடுகிற இன்ஸுலின்தான் என்பது அவர் கட்சி. முடித்த மறுநாளே சோற்றைக் குறைத்துவிட்டேன். அத்தனை சாமர்த்தியமான எழுத்து!

பழைய ஆராய்ச்சிகளை அவர் சந்தேகிக்கிற பகுதிகள் நல்ல விமரிசனம். இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது என்கிறார். நியாயம்தான். ஜனங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் ஆராய்ச்சியில் இன்னொரு சங்கடமும் உண்டு. போன மாதம் தின்றதைச் சரியாகச் சொல்ல நம்மில் யாரால் முடியும்?

ஆனால், கொழுப்பைக் குற்றவாளியாக்கிய ஆன்ஸல் கீஸைக் குறுக்கு விசாரணை செய்கிற இந்த வக்கீல், தம் கட்சிச் சாட்சிகளை அவ்வளவு கடுமையாகக் கேட்பதில்லை. ஒரு வில்லனை இறக்கிவிட்டு இன்னொருவனை ஏற்றுகிறார். கதாசிரியர்கள் செய்கிற காரியம் இது; நானும் செய்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் அவருக்குப் பெருமை. 2012-ல் அவரும் சேர்ந்து தொடங்கிய ஸ்தாபனம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பரிசோதனை ஒன்றுக்குப் பண உதவி செய்தது. 609 பேர், ஓராண்டு. 2018-ல் முடிவு வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ இளைத்தார்கள்; மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. இரு தரப்பிலும் சிலர் மிகவும் இளைத்தார்கள், சிலர் பருக்கவும் செய்தார்கள்.

நூலாசிரியரின் சந்தேகத்தை நான் வைத்துக்கொண்டேன். அவருடைய தீர்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.