இரண்டு ரயில் பெட்டிகள்

மேலகரத்திலிருந்து சில கல் தொலைவில் உள்ளது செங்கோட்டை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில், ரயில் பெட்டிக்குள் அமர்ந்திருந்த ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்ற வாஞ்சிநாதன் பிறந்த ஊர். அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி. செங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபமும் உண்டு. அந்தப் பெட்டியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

பத்தாண்டு கழித்து இதே தமிழ் மண்ணில் திறக்கப்பட்ட மற்றொரு பெட்டியை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? 1921 நவம்பர் 19 அன்று, மலபார்க் கிளர்ச்சிக் கைதிகள் ஏறத்தாழ 100 பேர் திரூரில் காற்றோட்டமற்ற சரக்குப் பெட்டியொன்றில் அடைக்கப்பட்டுப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். போத்தனூரில் கதவு திறந்தபோது பாதிக்கு மேற்பட்டோர் மூச்சடைத்து இறந்து கிடந்தனர். பின்னர் இறந்தோரையும் சேர்த்தால் எண்ணிக்கை 70ஐ ஒட்டி வரும். மிகப் பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள். இந்துக்கள் சிலரும் இருந்தனர். விசாரணைக் குழு அமர்ந்தது, வழக்கும் நடந்தது, குற்றஞ்சாட்டப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர்.

இதற்கு வழங்கும் பெயர் 'வாகன் டிராஜடி'. தமிழில் எழுதும் நாமும் 'துயரம்' என்றே பெயர்த்துவிடுகிறோம். துயரம் புயலாலும் வரும், வெள்ளத்தாலும் வரும். கதவைப் பூட்டிய கை அச்சொல்லில் தென்படுவதில்லை.

பிரிட்டனின் மறதி நாம் அறிந்ததே. கென்யாவின் மௌ மௌ கைதிகள் 5,228 பேருக்கு அது 2013இல் இழப்பீடு வழங்க உடன்பட்டதும், அவர்கள் நீதிமன்றப் படியேறிய பின்னரே. ஜாலியன்வாலா பாக் நூற்றாண்டான 2019இல் வருத்தம் தெரிவித்தது, மன்னிப்புக் கோரவில்லை. நமது குடியரசோ? திரூர் நிலையச் சுவரில் இந்நிகழ்ச்சியைத் தீட்டிய ஓவியம், எதிர்ப்பு எழுந்ததும் 2018இல் அகற்றப்பட்டது. தியாகிகள் அகராதியிலிருந்து மலபார்க் கிளர்ச்சியாளர் 387 பேரின் பெயர்களை நீக்குமாறு, இந்திய வரலாற்று ஆய்வுக் கழகத்தின் குழுவொன்று 2021இல் பரிந்துரைத்தது. 1922இல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆலி முஸ்லியாரின் பெயரும் அவற்றுள் ஒன்று.

அது வகுப்புக் கலவரமே என்பது நீக்கச் சொல்வோர் வாதம். கிளர்ச்சியின் போக்கில் இந்துக்கள் கொல்லப்பட்டதும் கட்டாய மதமாற்றங்கள் நிகழ்ந்ததும் உண்மையே. அவற்றை அடிக்குறிப்புக்குள் ஒதுக்கும் நம்மவர் வழக்கத்தையும் நாம் ஏற்பதற்கில்லை. தமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகரப் பணிக்கும் அந்நிஸா அத்தியாயத்தை ஓதுவோர் நாம். ஆயினும் பூட்டிய பெட்டிக்குள் மூச்சடைத்துச் சாகும் தண்டனையை எந்த நீதிமன்றமும் எவருக்கும் விதிக்கவில்லை. ஆதலின் அதனைத் துயரம் என எழுதுவதை நாம் விடுகிறோம். அது படுகொலை.