பரிபாடலில் களவும் கற்பும்: ஒழுக்க மீறலா, நெறி வழக்கா?

உரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18இல் கொணர்ந்த சட்டங்கள் திருமணத்தை வலியுறுத்தின. பிறன்மனை விழைதலை அரசு தண்டிக்கும் குற்றமாக்கின. அச்சூழலில் காதற்கலையைக் கற்பிக்கும் நூலை இயற்றிய ஓவிட், கி.பி. 8இல் கருங்கடற்கரைத் தோமிக்கு வெளியேற்றப்பட்டார். ஒரு பாடலும் ஒரு பிழையுமே தம் வீழ்ச்சிக்குக் காரணம் என்கிறார் அவர். சங்க இலக்கியக் களவையும் இத்தகைய மீறலாகவே கருதுதல் எளிது. ஆயின், திருப்பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடலின் 9ஆம் பாடல் அவ்வொப்பீட்டுக்கு முழுதும் இடந்தருவதில்லை.

குன்றம்பூதனார் இயற்றிய இப்பாடல், செவ்வேள் தேவசேனையைக் கற்புமணத்தாலும் வள்ளியைக் களவாலும் கொண்டதை முன்வைத்து, மறைவல்ல புலவரை விளித்து வாதிடுகிறது. கற்பு வாழ்வில் தலைவனின் பரத்தமையால் ஊடல் நேரும். களவில் அத்துன்பம் இல்லை. ஆகவே களவே சிறந்தது. தமிழின் பொருளிலக்கணத்தை ஆராயாதார் இதனை உணரார் என்பது புலவர் துணிபு.

தொல்காப்பியம் களவை மறையோர் கூறும் எண்வகை மணத்துள் கந்தருவத்தோடு ஒப்பிட்டு, இரு மரபுகளுக்கும் இணக்கம் காண்கிறது. குன்றம்பூதனாரோ அவ்விணக்கத்தை வழக்காக மாற்றுகிறார். ஓவிட் அரசின் நெறியை எள்ளி நகைத்தார். அவருக்குத் துணைநிற்க வேறொரு நெறிநூல் இல்லை. குன்றம்பூதனார் ஒரு நெறியைச் சான்றாக நிறுத்தி மற்றொன்றை மறுக்கிறார். அதனாலேயே அவரது மறுப்பு இறைவாழ்த்தாகவே ஒலிக்க இயன்றது.

இவ்வாதத்திற்கு எல்லையும் உண்டு. பரத்தை இல்லாமையே இங்குக் களவின் உயர்வுக்கு அளவுகோல். அவள் ஊடலுக்குக் காரணமாக மட்டுமே சுட்டப்படுகிறாள். அவள் தரப்பு கேட்கப்படவில்லை. வையையைப் பாடும் 20ஆம் பாடலில் நிலை வேறு. தலைவியின் அணிகளைப் பரத்தை பூண்டிருப்பதைக் கண்டு தோழியர் பலரறியப் பழிக்கின்றனர். அவற்றைத் தனக்குத் தந்தவன் தலைவனே என அவள் விடையிறுக்கிறாள். குற்றம் அவளிடமிருந்து அவனுக்குப் பெயர்கிறது.

குன்றத்தில் இரு மணநெறிகள் வாதிடுகின்றன. ஆற்றங்கரையில் அவ்விரு நெறிகளிலும் இடம்பெறாதவள் வாதிடுகிறாள். உரோமக் காதற்பாடல்களோடு பரிபாடலை ஒப்பிடுவோர் களவைப் பேசும் பாடலோடு நின்றுவிடாது, பரத்தையின் இவ்விடையையும் கருதுதல் வேண்டும். ஒழுக்கத்தின் பெயரால் ஆடவனுக்கு வழங்கப்பட்ட விலக்கை வெளிப்படையாக வினவுவது அதுவே.