குவேக் டூயலில் ஜெயிப்பது நேரக் கணக்கு

குவேக் டூயல் ஒன்றை முதல்முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். இரண்டு பேர் மோதுகிறார்கள் என்பது புரியும். யார், ஏன் முந்துகிறார் என்பது புரியாது. ஒருவர் சுவரோரமாகப் பாய்ந்து மேல்தளத்துக்கு ஏறுகிறார், எங்கிருந்தோ ஒரு ராக்கெட் வந்து வெடிக்கிறது, ஸ்கோர் மாறிவிடுகிறது. பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: “அவனுக்கு எய்ம் சூப்பர்.”

உலகத் தரத்தில் ஆடுகிற இருவருக்குமே எய்ம் சூப்பர்தான். அப்படியிருந்தும் ஒருவர் மளமளவென்று ஃபிராக் (எதிராளியைக் கொன்று எடுக்கும் புள்ளி) குவிக்க, மற்றவர் ஒன்றிரண்டோடு தடுமாறுகிறார் என்றால், காரணத்தைத் துப்பாக்கி முனையில் தேடிப் பயனில்லை. அது கடிகாரத்தில் இருக்கிறது. கணினியில் ஆடப்படும் துப்பாக்கி ஆட்டங்களிலேயே மிக வேகமான இந்த ஆட்டம், அடிப்படையில் நேரத்தைக் கணக்கிடும் போட்டி.

பத்து நிமிடம், இரண்டு பேர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 1996-ல் குவேக்கை வெளியிட்டது. 1999 டிசம்பரில் வந்த ‘குவேக் 3 அரீனா’ முழுக்க முழுக்க மோதலுக்காகவே செய்யப்பட்டது. பின்னர் வந்த ‘குவேக் லைவ்’ அதே ஆட்டத்தைச் சிற்சில திருத்தங்களோடு தொடர்ந்தது. 2017-ல் ‘குவேக் சாம்பியன்ஸ்’ வந்தது. இங்கே நான் சொல்லும் எண்கள் குவேக் 3 அரீனாவுக்கு உரியவை. பதிப்புக்குப் பதிப்பு எண்கள் கொஞ்சம் மாறும். ஆட்டத்தின் தர்க்கம் மாறாது.

டூயலின் விதி எளிது. ஒருவருக்கு ஒருவர். வழக்கமாகப் பத்து நிமிடம். யார் அதிகம் ஃபிராக் எடுக்கிறாரோ அவர் வென்றார். துப்பாக்கிகளும், ஆர்மர் என்னும் கவசங்களும், ஹெல்த் என்னும் உயிர்ப்பலமும் அரங்கில் குறிப்பிட்ட இடங்களில் கிடக்கும். ஒருவர் எடுத்துவிட்டால் குறிப்பிட்ட நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி வரும். செத்தவர் உடனே வேறொரு மூலையில் எழுந்துவிடலாம். ஆனால் அதுவரை சேர்த்ததெல்லாம் போய், கையில் இருக்கும் துப்பாக்கி மெஷின் கன் மட்டும்தான்.

நான்கு ராக்கெட்டும் இரண்டு ராக்கெட்டும்

புதிதாக எழுந்த வீரருக்கு 125 ஹெல்த். நேராகப் பட்ட ராக்கெட் ஒன்று 100 சேதம் செய்யும். ரெயில்கன் குண்டும் அதே 100. ஆக, இரண்டு ராக்கெட் நேராகப் பட்டால் அவர் கதை முடிந்தது.

இப்போது எதிரே நிற்பவரைப் பாருங்கள். அவர் ‘மெகா ஹெல்த்’ எடுத்து 200 ஹெல்த்தோடும், ‘ரெட் ஆர்மர்’ எடுத்து எடுத்து 200 ஆர்மரோடும் இருக்கிறார் என்று வையுங்கள். ஆர்மர் இருக்கும்வரை விழுகிற அடியில் மூன்றில் இரண்டு பங்கை அதுவே தாங்கிக்கொள்ளும். முதல் மூன்று ராக்கெட் ஆர்மரை முழுக்கத் தின்று ஹெல்த்தைப் பாதியாக்கும். நான்காவதுதான் ஆளைச் சாய்க்கும். மொத்தம் 400 சேதம். அதாவது அவர் மூன்று முறை அடிபட்டும் நிற்கலாம். புதிதாக எழுந்தவர் ஒருமுறை அடிபட்டாலே ஓட வேண்டும். எய்ம் இரண்டு பேருக்கும் சமம் என்றால் இந்தச் சண்டையின் முடிவு முதல் தோட்டாவுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது.

இந்தப் பலம் நிலைக்காது என்பதுதான் ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்கிறது. 100-க்கு மேல் இருக்கும் ஹெல்த்தும் ஆர்மரும் விநாடிக்கு ஒன்றாகக் கரையும். முன்னிலையில் இருப்பவர் ஒளிந்து உட்கார்ந்தால் அவர் பலம் தானாகவே வடிந்துவிடும். மறுபடி மறுபடி ரெட் ஆர்மருக்கும் மெகாவுக்கும் போயே ஆக வேண்டும். எப்போது போவார் என்பது எதிராளிக்கும் தெரியும்.

25-ம் 35-ம்

ரெட் ஆர்மர் எடுக்கப்பட்ட 25-வது விநாடியில் திரும்ப வரும். மெகா 35-வது விநாடியில் வரும். பெரிய வீரர்கள் ஓடிக்கொண்டும் சுட்டுக்கொண்டும் இந்த இரண்டு கணக்கையும் மனத்துக்குள் நடத்துகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 2:00-க்கு ஒருவர் ரெட் எடுக்கிறார். உடனுக்குடன் எடுத்துக்கொண்டே போனால் அடுத்தடுத்து 2:25, 2:50, 3:15. அவரே 2:10-க்கு மெகாவையும் எடுத்தார் என்றால் அடுத்தது 2:45, பிறகு 3:20. 2:25-க்கு ரெட் எடுத்தவருக்கு மெகா வர இன்னும் 20 விநாடி இருக்கிறது. நிதானமாகப் போய்ச் சேரலாம். ஆனால் 2:45-க்கு மெகா, 2:50-க்கு ரெட். நடுவே ஐந்தே விநாடி. நல்ல டூயல் அரங்குகளில் இந்த இரண்டையும் தள்ளித் தள்ளியே வைத்திருப்பார்கள்.

பின்தங்கியவர் காத்திருப்பது இந்த ஐந்து விநாடிக்காகத்தான். எதிராளி மெகாவுக்குப் போனால் இவர் ரெட்டுக்குப் போவார். அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் உண்டு. எடுத்த சத்தம் எதிராளியின் காதுக்கு எட்டாதவரை, ரெட்டை யார் எடுத்தாரோ அவருக்கு மட்டுமே அடுத்த நேரம் துல்லியமாகத் தெரியும். இவர் அதை வந்ததும் எடுக்காமல் மூன்று நான்கு விநாடி தாமதித்து எடுத்தால் எதிராளியின் கணக்கு அங்கேயே பிசகிவிடும். ஆர்மர் வந்துவிட்டது என்று நினைத்து அவர் ஓடி வரும்போது அந்த இடம் காலியாக இருக்கும். மேல்தளத்தில் ராக்கெட்டோடு இவர் இருப்பார். ஸ்கோர் போர்டில் இன்னும் எதுவும் மாறியிருக்காது. ஆட்டம் மாறிவிட்டது.

காதால் பார்ப்பது

எதிராளி எப்போது எடுத்தார் என்று கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் காது வேலை செய்கிறது. ஆர்மர் எடுத்தால் ஒரு சத்தம், மெகா எடுத்தால் வேறு சத்தம், குதித்தால் ஒரு முனகல், ஓடினால் காலடி. தேர்ந்த வீரருக்கு ஹெட்ஃபோன்தான் இரண்டாவது திரை.

ரெயில்கன்னைக் கையில் பிடித்திருந்தாலே அது மெல்ல ரீங்கரிக்கும். பக்கத்து அறையில் இருப்பவர் அதைக் கேட்டுவிடுவார். அதனால் பதுங்கியிருக்கும் வீரர் வேறு துப்பாக்கியைப் பிடித்தபடி நின்று, எதிராளி தலைகாட்டும் கணத்தில்தான் ரெயிலுக்கு மாற்றுகிறார். நடந்தால் காலடி கேட்காது என்பதால் மெகாவை நெருங்கும்போது ஓட்டத்தை விட்டு நடக்கிறார். உலகின் அதிவேக ஆட்டத்தில் சில சமயம் மெதுவாகப் போகிறவரே பிழைக்கிறார்.

வேகம் எதற்கு?

வேகம் வெறும் அலங்காரமா என்றால், இல்லை. சாதாரண ஓட்டத்தின் வேகம் விநாடிக்கு 320 அலகு. குதிக்கும் ஒவ்வொரு முறையும் முன் விசையோடு பக்க விசையையும் சேர்த்து அழுத்தி, மவுஸைச் சரியான கோணத்தில் திருப்பினால் வேகம் அந்த வரம்பைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். இதுதான் ஸ்ட்ரேஃப் ஜம்ப். வேக வரம்பு, வீரர் முடுக்கும் திசையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்வதால் கிடைக்கும் வாய்ப்பு இது. காலடியில் ராக்கெட்டை வெடித்து, ஹெல்த்தை விலை கொடுத்து உயரே எழும்புவது ராக்கெட் ஜம்ப்.

இந்தத் திறமையெல்லாம் கடைசியில் கடிகாரத்துக்கே வேலை செய்கிறது. முன்பு சொன்ன ஐந்து விநாடியில் மெகாவிலிருந்து ரெட்டுக்குப் போய்ச் சேர முடியுமா என்பதை ஸ்ட்ரேஃப் ஜம்ப்தான் முடிவு செய்கிறது. சேர முடிந்தவருக்கு இரண்டும் கிடைக்கும். முடியாதவர் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்.

14-க்கு மைனஸ் 1

1997-ல் ‘ரெட் அனைஹிலேஷன்’ என்ற குவேக் போட்டி நடந்தது. இணையத்தில் சுமார் 2,000 பேர் மோதி, மிஞ்சியவர்கள் அட்லாண்டாவில் நடந்த ஈ3 வீடியோ கேம் கண்காட்சிக்கு வந்தார்கள். முதல் பரிசு, குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக்கின் சொந்த ஃபெராரி 328 கார். ‘த்ரெஷ்’ என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங், ‘என்ட்ரோபி’ என்ற டாம் கிம்சியை 14-க்கு மைனஸ் 1 என்ற கணக்கில் வீழ்த்திக் காரை வென்றார்.

அந்த மைனஸ் முக்கியமானது. தன் ராக்கெட்டாலோ தன் தவறாலோ செத்தால் ஒரு புள்ளி குறையும். அதை ஈடுகட்ட ஒரு ஃபிராக்கூட எடுக்க முடியாத அளவுக்கு, ஆயிரக்கணக்கானோரைத் தாண்டி இறுதிக்கு வந்த வீரர் முடக்கப்பட்டார். எய்மில் இருக்கும் இடைவெளி மட்டும் இப்படியொரு ஸ்கோரைத் தராது. எதிராளி எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே அறியும் ஃபாங்கின் திறனை அந்தக் கால வீரர்கள் ‘த்ரெஷ் ஈஎஸ்பி’ (புலன்களைத் தாண்டிய அறிவு) என்றார்கள். அதில் அமானுஷ்யம் எதுவுமில்லை. எதிராளிக்கு எது தேவை, அது எப்போது வரும் என்பது தெரிந்தால் அவர் எங்கே வருவார் என்பதும் தெரிந்துவிடும். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஷேன் ‘ராஃபா’ ஹென்ட்ரிக்சன் பல ஆண்டுகள் உச்சத்தில் நின்றதும் இதே அறிவின் பலத்தில்தான்.

முன்னிலையைக் காப்பது

கபடியில் முன்னிலை பெற்ற அணி கடைசி நிமிடங்களில் புள்ளிக்கு ஆசைப்படாமல் பாலக் கோட்டைத் தாண்டிவிட்டு வெறும் ரெய்டோடு திரும்பும். டூயலிலும் இரண்டு மூன்று ஃபிராக் முன்னால் இருப்பவர் அப்படித்தான் ஆட வேண்டும். ரெட்டையும் மெகாவையும் எடுத்துக்கொண்டு, சண்டையைத் தவிர்த்து, எதிராளி மேல் அவசரத்தைச் சுமத்த வேண்டும். அவசரப்பட்டவர் ஆர்மர் இல்லாமல் வந்து மோதுவார். முன்னிலை இன்னும் கூடும்.

இதைப் பார்த்து ‘ஓடி ஒளிகிறார்’ என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கரைந்துகொண்டே இருக்கும் பலத்தை நிரப்ப, எதிராளி காத்திருக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறவர் ஒளிகிறவர் அல்ல. 25 விநாடிக்கு ஒருமுறை அவர் பரீட்சை எழுதுகிறார்.

நமக்கு என்ன?

குவேக்கின் என்ஜினிலிருந்து வளர்ந்ததுதான் ‘ஹாஃப்-லைஃப்’. அதன் மேல் பிறந்தது, நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே ஆடித் தீர்த்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக். முதல் ‘கால் ஆஃப் டூட்டி’யும் குவேக் 3-ன் என்ஜினில் எழுந்ததே. வாரிசுகள் கோடிக்கணக்கானோரைச் சேர்த்திருக்க, மூத்தவரின் அரங்கில் கூட்டம் குறைந்துவிட்டது. ஐந்து பேர் அணியில் தோற்றால் பழியைப் பகிர்ந்துகொள்ளலாம். டூயலில் தோற்றவர் பழியைத் தானே சுமக்க வேண்டும். புதியவர்கள் தயங்குவதற்கு அது ஒரு காரணம். ஆனால் தன் தவறு எது என்று ஆட்டக்காரருக்கு இவ்வளவு துல்லியமாகக் காட்டும் ஆட்டம் வேறு இல்லை.

2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. கல்லூரி விழாக்களில் அணி ஆட்டங்களுக்கு இடம் கிடைக்கிறது. டூயலுக்கும் ஒரு மூலை கொடுங்கள். இரண்டு கணினி, இரண்டு ஹெட்ஃபோன், பத்து நிமிடம் போதும். குவேக் லைவ் பழைய கணினியிலும் ஓடும். ஒளிபரப்புபவர்களிடமும் ஒரு கோரிக்கை: ரெட் ஆர்மரும் மெகாவும் வர எத்தனை விநாடி இருக்கிறது என்பதைத் திரையின் ஓரத்தில் காட்டுங்கள். ரன் விரட்டலில் தேவைப்படும் ரன் ரேட்டைக் காட்டாமல் யாரும் கிரிக்கெட் ஒளிபரப்புவதில்லை.

வாசகர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அடுத்தமுறை ஒரு குவேக் டூயல் பார்க்கும்போது முதல் ஐந்து நிமிடம் ஃபிராக்கை எண்ணாதீர்கள். ரெட் ஆர்மரை யார் எத்தனை முறை எடுத்தார் என்று எண்ணுங்கள். ஆட்டம் யார் பக்கம் போகிறது என்பது ஸ்கோர் போர்டுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.