"இந்தக் கோப்பை இயக்க முடியவில்லை": ஒரு வரி, மூணு பொய்

அமெரிக்காவில் ஆன்டெனா வழியா வரும் டிவி நிகழ்ச்சிகளைப் பதிவு செஞ்சு, ஸ்ட்ரீமிங் பெட்டியில் போட்டுப் பார்க்கிறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வரி இது. என்னைக் கேட்டால், இது பிழைச் செய்தியே இல்லை. கையை விரிப்பது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று கோளாறுகளை இந்த ஒரே வரி மூடி மறைக்கிறது.

முதலாவது, கோடெக். அங்கே ஆன்டெனா ஒளிபரப்பில் வீடியோ பெரும்பாலும் எம்பெக்-2, ஒலி ஏசி-3. சின்னப் பெட்டிகள் பல எச்.264, எச்.265 இரண்டையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. எல்லா நேரமும் இது சிப்பின் இயலாமையும் இல்லை. ராஸ்பெரி பை நினைவிருக்கா? முதல் மாடலின் சிப்புக்கு எம்பெக்-2 தெரியும். ஆனால் உரிமக் கட்டணம் காரணமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். 2012-ல் 2.40 பவுண்டுக்கு அதற்கான சாவியைத் தனியாக விற்றார்கள். அமெரிக்காவில் கடைசி எம்பெக்-2 காப்புரிமை 2018-ல் காலாவதியானது. ஆக, கோப்பில் ஒரு குறையும் இல்லாமலே பழி கோப்பின் மேல் விழலாம்.

இரண்டாவது, நேரம். டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீமில் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு நேர முத்திரை உண்டு. அது 33 பிட் எண், நொடிக்கு 90,000 எண்ணும். கணக்குப் போட்டால் சுமார் 26.5 மணி நேரத்தில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்குப் போகும். கடிகாரம் நிலையத்துடையது, உங்கள் பதிவு எப்போ தொடங்கியதுன்னு அதுக்குக் கவலை இல்லை. ஒரு மணி நேரப் பதிவுக்கு நடுவில் இந்தத் தாவல் வர, தோராயமாக 26-ல் ஒரு வாய்ப்பு. கவனமில்லாத பிளேயர் காலம் பின்னோக்கிப் போகுதுன்னு நினைச்சு உறைந்து நிற்கும்.

மூன்றாவதுதான் உண்மையான சேதம். 188 பைட் பாக்கெட்டுகள், ஒவ்வொன்றிலும் 0 முதல் 15 வரை சுழலும் ஒரு தொடர் எண். சிக்னல் தடுமாறினால் சில பாக்கெட் காணாமல் போகும். ஒளிபரப்பு ஒருவழிப் பாதை, "திரும்ப அனுப்பு"ன்னு கேட்க முடியாது. ஆனால் எந்த இடத்தில் போச்சுன்னு அந்தத் தொடர் எண்ணை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெட்டிக்கு இது தெரியும். நமக்குச் சொல்வதில்லை, அவ்ளோதான்.

இதைவிடக் கோபம் வருவது, இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை மேல்: "எல்லாத்தையும் எம்பி4-ஆ மாத்திட்டு ஒரிஜினலை அழிச்சிடுங்க." மறுகுறியாக்கம் செய்தால் தரம் குறையும், சரி. 1080ஐ வீடியோவில் நொடிக்கு சுமார் 60 புலங்கள் இருக்கும்; அதை 30 ஃபிரேமாகச் சுருக்கினால் விளையாட்டுக் காட்சிகளில் பாதி அசைவு போயிடும். அதைவிடப் பெரிய இழப்பு வசன எழுத்துக்கள். அமெரிக்க ஒளிபரப்பில் அவை தனிக் கோப்பாக வருவதில்லை, வீடியோ ஓடைக்குள்ளேயே புதைந்து வருகின்றன. மாற்றும் கருவி அக்கறையாக எடுத்து வைக்கலைன்னா, காது கேளாதவருக்கு அந்தப் பதிவு ஊமைப்படம்தான். ஒரிஜினலையும் அழிச்சாச்சுன்னா மீட்க வழியே கிடையாது.

சரியான வரிசை எளிது. முதலில் அதே கோப்பைக் கணினியில் விஎல்சி-யில் திறந்து பாருங்கள். அதற்குத் தன் சொந்த டிகோடர்கள் உண்டு. அங்கே ஒழுங்காக ஓடினால் குறை பெட்டியில். ஓடியும் நேரம் தாறுமாறாகக் காட்டினால், எஃப்எஃப்எம்பெக் மூலம் வீடியோ, ஒலி எதையும் தொடாமல் எம்கேவி உறைக்கு மட்டும் மாற்றிப் பாருங்கள். தரம் துளியும் குறையாது. அப்படியும் பெட்டி எம்பெக்-2 வேண்டாம்னு அடம்பிடித்தால், சர்வரிலேயே உடனுக்குடன் மாற்றி அனுப்பும் வசதி இருக்கு. கோப்பை நிரந்தரமாக மாற்றுவது கடைசி வழி. அப்போதும் ஒரிஜினல் ஒரு பிரதி வட்டில் இருக்கட்டும்.

உள்ளூர்ச் செய்தி, பள்ளிக்கூட விளையாட்டு மாதிரி ஒளிபரப்புகளை நிலையமே எடுத்து வைத்திருக்கும்னு உத்தரவாதம் இல்லை. யாரோ ஒருவர் வீட்டு வட்டில் இருப்பதே கடைசிப் பிரதியாக இருக்கலாம். "எம்பெக்-2 எனக்குத் தெரியாது"ன்னு ஒரு வரி நேர்மையாகச் சொல்ல ஒரு பெட்டிக்கு என்ன செலவாகும்?